அவர் என் வீட்டுக்காரர் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக் கூடாது. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. தனியாக இருக்கிறேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். "ஐயோ பாவம்" என்பார்கள். என் மகளுக்கு இருபத்தெட்டு வயது. வேறு ஊரில் வேலை. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். அதைச் சொன்னால், "அடேங்கப்பா, தைரியமான பொண்ணு" என்பார்கள். அவள் என்னை விட்டுத் தனியாக இருந்தால் தைரியம், நான் அவளை விட்டுத் தனியாக இருந்தால் பாவம். இந்தச் சட்டத்தைப் போட்ட ஆள் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை எனக்கு அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டுக் கொடுப்பேன். கல்யாணமாகி மகன் போனதும் அவனுடைய அறை காலியானது. அதைத்தான் பட்டறையாக்கிக்கொண்டேன். அவன் பள்ளிக்கூடப் புத்தகம் அடுக்கிய அலமாரியில் இப்போது மேல்வரிசை, கீழ்வரிசை என்று பற்கள் அடுக்கியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது அவன், "என்னம்மா, என் ரூம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுது" என்றான்.

தனியாக இருந்துதான் எனக்குப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமாகி நான் போன வீட்டில் பதினோரு பேர், ஒரே குளியலறை. மாமனார் உள்ளே போனால் செய்தித்தாளோடு போவார். வெளியே கொழுந்தன்மார், நாத்தனார், ஓரகத்தி, கடைசியில் புதுசாக வந்த நான். வரிசையில் நின்றே பாதி இளமை போயிற்று. பிறகு நானும் என் கணவரும் தனிக்குடித்தனம் வந்தோம். இரண்டு பேருக்கு அந்த வீடு மைதானம் மாதிரி இருந்தது. குழந்தைகள் பிறந்தார்கள், வீடு சுருங்கியது. அவர்கள் வளர்ந்தார்கள், இன்னும் சுருங்கியது. மகன் போனான், மகள் போனாள், கணவர் மாரடைப்பில் ஒரேயடியாகப் போனார். சுவரைத் தள்ளி வைத்த மாதிரி வீடு மறுபடி பெரிதாகிவிட்டது. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை, ஆட்கள்தான் நகர்ந்தார்கள்.

என் மகனுக்கு முப்பத்துமூன்று வயது. அவன் மனைவிக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான், தவறாமல் ஒரே பாட்டைப் பாடுவான்.

"அம்மா, தனியா இருந்தது போதும். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடு. நாங்க உன்னை நல்லாப் பார்த்துக்குவோம்."

"எனக்கு என்னடா குறைச்சல்?"

"திடீர்னு விழுந்தா யாரு பார்ப்பா?"

"ஏண்டா, விழுறதுக்குன்னே உட்கார்ந்திருக்கேனா நான்?"

கொஞ்ச நாளில் அது முற்றிப்போய், பேசி வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் சேர்ந்து போன் செய்ய ஆரம்பித்தார்கள். கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு விட்டேன். இனி யாரும் என்னைத் தனி ஆள் என்று சொல்ல முடியாதல்லவா? மகன் அதற்கும் அசரவில்லை.

"சரிம்மா. ஆனா ஒண்ணு. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் மறுபேச்சு கிடையாது. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடணும். சரியா?"

"சரிடா சரி" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்துக்குப் போனை வைத்தால் போதும் என்றிருந்தது.

மாடிக்கு வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அறுபத்துமூன்று வயது. ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஆனால் லிஃப்ட் நடுவில் நின்றால் மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஊரெல்லாம் லிஃப்டை ஓடவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவார். மனைவி இல்லை. அறையைப் பார்க்க வந்த அன்று ஜன்னலைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். ஆளே வேறு மாதிரி போலிருக்கிறதே என்று எனக்குத் திக்கென்றது.

"கதவுல என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லா மூடுது" என்றார். பிறகு கூச்சத்தோடு சொன்னார். "பையன் வீட்ல இருந்தேன். தங்கமான பையன். பேரன் பிறந்ததும் என் ரூமை அவனுக்குக் குடுத்துட்டு நான் ஹாலுக்கு வந்துட்டேன். அவங்க டிவி பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அவங்களும் நான் தூங்கிட்டேன்னு சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பார்ப்பாங்க. ரெண்டு பேருக்கும் கஷ்டம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், மூடுறதுக்கு ஒரு கதவு இருந்தாப் போதும்."

அந்த நிமிஷமே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மாடிக்கு உள்பக்கமாகத்தான் படி. அவர் போவதும் வருவதும் எனக்குத் தெரியும், மெழுகு கருகினால் அவருக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் காபி கீழேயே ஆகிவிடும். நான் பல் நட்டுக்கொண்டே பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் பேச அவர் கேட்க என்று வசதியாகப் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவரை எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அண்ணன் என்று கூப்பிட மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வரவில்லை, அவ்வளவுதான். "சார்" என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். டியூஷன் பிள்ளைகள் காலையிலிருந்து வாசலில் "சார், சார்" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். மாடியில் இருப்பவர் காதுக்கு "சார்" என்பது காக்கா கத்துகிற மாதிரி ஆகிவிட்டது.

அதன் பலன் நான் விழுந்த அன்று தெரிந்தது.

பதினோரு பேர் புழங்கிய குளியலறையில் ஒரு நாளும் வழுக்காதவள், எனக்கென்றே இருக்கும் குளியலறையில் காலை நேரத்தில் சோப்பு நுரையில் கால் வைத்து மல்லாந்தேன். நல்லவேளை, குளித்து உடுத்தி முடித்துவிட்டுத்தான் விழுந்தேன். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக்கொண்டது. உயிர் போகிற வலி. எழுந்திருக்க முடியவில்லை.

"சார்!" என்று கத்தினேன். மாடியில் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "சார்! சார்!" அவர் காதில் ஏறவில்லை. "மாடியில யாரு? லிஃப்ட் சார்!" வாசலில் ஒரு டியூஷன் பிள்ளையின் சிரிப்புத்தான் கேட்டது. மகன் சொன்னது சரியாகிவிடுமோ என்று நினைத்தபோது வலியைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"என்னங்க!"

என் கணவர் போன பிறகு நான் வாயில் எடுக்காத வார்த்தை. ரேடியோ நின்றது. படியில் தடதடவென்று காலடி. ஒரு கன்னத்தில் சவர நுரையோடு அவர் ஓடி வந்தார். "இதோ வந்துட்டேன்" என்றார். இது இப்படித்தான் நடந்தது. இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், "நீங்க இவங்களுக்கு யாரு?" என்று அவரைக் கேட்டாள்.

"ஹவுஸ் ஓனர்" என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷனுக்குப் பதற்றம். "இவங்க என் வீட்டுக்காரம்மா" என்றார். ஒரு தப்பும் இல்லாத தமிழ். அவர் குடியிருக்கும் வீடு என்னுடையது, ஆகையால் நான் வீட்டுக்காரம்மா. அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் "கணவர்" என்று எழுதிக்கொண்டாள். வலியில் இருந்த நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

நர்ஸ் வந்தாள். நல்ல கட்டுமஸ்தான பெண், குரலும் அப்படியே.

"இவங்களுக்கு சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?"

"தெரியலைங்களே" என்றார் அவர்.

"வயசு?"

"ஐம்பது... ஐம்பத்தஞ்சு இருக்குமா?" என்று என்னைப் பார்த்தார். அந்த வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

"என்ன சார் இது? வயசு தெரியாது, சுகர் தெரியாது. எவ்வளவு காலமா ஒண்ணா இருக்கீங்க?"

"போன வருஷத்துலேர்ந்துதாங்க. நான் மாடியில இருக்கேன், இவங்க கீழ இருக்காங்க."

நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கு! இந்த வயசுல சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு மாடியா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. "அம்மாடி, அவர் என் வீட்டுக்காரர் இல்லை" என்றேன். "எங்க வீட்ல குடித்தனம் இருக்கார்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். குடித்தனம்னா நாலும் இருக்கும். கோபத்துல புருஷனையே இல்லைன்னு சொல்லலாமா?"

இந்த மொழியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வீட்டுக்காரர் என்றாலும் மாட்டிக்கொள்கிறோம், குடித்தனம் என்றாலும் மாட்டிக்கொள்கிறோம். மேலே பேச விடாமல் என்னை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மணிக்கட்டில் முறிவு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்கு மாவு குழைத்தவளுக்கு முழங்கை வரை மாவுக்கட்டு.

அந்த இடைவெளியில் நர்ஸ் என் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். "பயப்பட ஒண்ணுமில்ல தம்பி. கை எலும்புதான். அவங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே இருந்து கண் கலங்காமப் பார்த்துக்குறார். என்ன, ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் போல. நீங்க வந்து சமாதானம் பண்ணி வைங்க."

அப்பா செத்து ஆறு வருஷம் ஆன பிள்ளைக்கு இப்படி ஒரு போன் வந்தால் எப்படி இருக்கும்? தங்கைக்குச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் ஆளுக்கொரு ரயிலைப் பிடித்து, சாயங்காலம் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வாசலில் வந்து நின்ற நேரத்தையும் சொல்ல வேண்டும். வலது கையைத்தான் கட்டிவிட்டார்களே, இடது கையால் தம்ளரைப் பிடித்தால் நடுங்குகிறது. ஆகவே அவர் தம்ளரைப் பிடித்துக்கொள்ள, நான் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தட்டில் அவர் உரித்து, நாரெடுத்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள்.

மகன் கட்டிலின் காலடியில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு விழ முடியுமாடா?"

"அதைக் கேக்கலை. எப்போ நடந்துச்சு இது?"

"காலையிலதான். குளியலறையில."

"குளியலறையிலயா!"

"பின்னே வேற எங்க? அங்கதானே வழுக்கும்?"

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"இதுக்கு எதுக்குடா கூட்டம்? நான் மட்டும்தான் இருந்தேன். கத்துனேன், இவர் வந்தார். பாவம், பாதி சவரத்தோட."

மகள்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, அண்ணன் கல்யாணத்தைக் கேக்குறான்மா!"

"யார் கல்யாணம்?"

"உன் கல்யாணம்!"

தம்ளர் அவர் கையிலிருந்து நழுவி என் போர்வையெல்லாம் காபி. "ஐயையோ தம்பி, நான் ஹவுஸ் ஓனர்ங்கிற அர்த்தத்துலதான் வீட்டுக்காரம்மான்னு..." என்று எழுந்தவர், தட்டைத் தட்டிவிட்டு ஆரஞ்சுச் சுளைகளையும் தரையில் கொட்டினார். குனிந்து பொறுக்கினார். பொறுக்கிய கையோடு வராந்தாவுக்கு ஓடியே போய்விட்டார். லிஃப்ட் நடுவில் நின்று பத்துப் பேர் மாட்டிக்கொண்டால்கூடப் பதறாத மனுஷன்.

எல்லாரும் சிரித்து முடித்தோம். மகனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்ததும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரிம்மா, அது தப்பா புரிஞ்சுக்கிட்டது. விடு. ஆனா நீ விழுந்துட்டே. ஏதாவது ஆச்சுன்னா மறுபேச்சு இல்லாம வந்துடறேன்னு வாக்குக் குடுத்திருக்கே. அவரைக் காலி பண்ணச் சொல்லிடலாம். இப்படி ஒரு பேச்சு வந்த பிறகு அவர் இருக்கிறதும் நல்லா இல்லை. வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பு."

வாய் உள்ளவள் என்று பெயரெடுத்தவள் நான். ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், விழுந்தது விழுந்ததுதான். மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள்தான் பேசினாள். "ஏண்ணா, போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, யாரு பார்த்துக்கிட்டா? என்கூட இருக்கிற ரெண்டு பேரும்தான். அவங்க உனக்கு என்ன உறவுன்னு கேட்டியா நீ? 'நல்ல பிரெண்ட்ஸ்'னு சொன்னே. அம்மாவுக்கு மட்டும் யாரு, என்ன உறவுன்னு சொல்லணுமா?"

"உன் வயசு வேற, அம்மா வயசு வேற."

"அதான் நானும் கேக்குறேன். எந்த வயசுலேர்ந்து எந்த வயசு வரைக்கும் நமக்குப் பிடிச்ச மாதிரி இருக்கலாம்? சொன்னா நான் அதுக்குள்ள இருந்து முடிச்சுடறேன்."

அவன் பிடியை விடவில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நாள் கூட இருந்து, எல்லாவற்றையும் மூட்டை கட்டி என்னை அழைத்துப் போவது என்று அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். மகளுக்கு லீவு இல்லை, போய்விட்டாள். மாடிக்காரர் எங்கள் கண்ணில் படாமல் திருடன் மாதிரி படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மகன் அவனுடைய பழைய அறையில், என் பல்வரிசைகளுக்கு நடுவே கட்டிலைப் போட்டுப் படுத்தான். படுத்தவன்தான். மறுநாள் காலை காபி ஆறிப் போயிற்று, எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேன்" என்று போனவன் விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். அடுத்த நாளும் அதே கதை. ஒற்றைக் கையோடு நான் அவனுக்கு ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள வந்த லட்சணம் இது!

மருமகளுக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. எதுவோ கீழே விழுந்து உடைகிற சத்தமும் கேட்டது.

"அவர் தூங்குறாரா அத்தை? தூங்கட்டும், எழுப்பாதீங்க. பாப்பா ராத்திரியில தூங்கவே மாட்டேங்கறா. எனக்கு ஷிஃப்ட் இருக்கிற நாளெல்லாம் அவர்தான் முழிச்சிருப்பார். இங்க நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்" என்றாள். சமாளிக்கிற குரலா அது? எனக்குக் குரலை வைத்து ஆளைத் தெரியாதா?

நேராகப் போய் அவன் போர்வையை உருவினேன். "எழுந்திரு. வந்து முட்டை உடைச்சு ஊத்து. எனக்குக் கை வராது."

சமையலறையில் அவன் முட்டையை உடைக்க, நான் பக்கத்தில் நின்றேன்.

"உங்க வீட்டுக்கு வந்தா நான் எங்கடா படுக்கிறது?"

"பாப்பா ரூம்ல, பாப்பாகூடத்தான்."

"பாப்பா ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பா?"

முட்டை ஓடு வாணலியில் விழுந்தது. அவன் அதைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தான்.

"என்னைப் பார்த்துக்கக் கூப்பிடறியா, உங்களைப் பார்த்துக்கக் கூப்பிடறியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றபடி சொன்னான். "முடியலைம்மா. ரெண்டு பேராலயும் முடியலை. வீட்ல நாங்க ரெண்டு பேரும் பேசியே எவ்வளவோ நாளாச்சு. அவ வந்தா நான் கிளம்பறேன், நான் வந்தா அவ கிளம்பறா. வாசல்ல குழந்தையைக் கை மாத்திக்கறோம், அவ்வளவுதான் குடும்பம். நீ வந்தா..." முப்பத்துமூன்று வயது ஆம்பிளை, கையில் கரண்டியோடு அழுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "எருமை! இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? 'அம்மா, கஷ்டமா இருக்கு, ஒத்தாசைக்கு வா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே ரயிலேறியிருப்பேனே! 'பாவம் அம்மா, தனியா இருக்கே, நாங்க பார்த்துக்கறோம்'னு சொன்னா எவடா வருவா? என்னைப் பாவம்னு சொல்லிக் கூப்பிட்டா நான் வர மாட்டேன். வேலைக்கு ஆள் வேணும்னு கேளு, வர்றேன்."

"கேட்டா, உன்னை வேலைக்காரியாக்குறேன்னு தங்கச்சி திட்டுவாளேம்மா."

"திட்டட்டும். கட்டைப் பிரிச்சதும் வர்றேன். பாப்பா ராத்திரி தூங்கக் கத்துக்கிற வரைக்கும் இருப்பேன். அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் ஹால்ல படுக்கச் சொன்னாலும் படுக்கறேன், ஆனா அது எனக்கு வீடு இல்லை. இதுதான் வீடு. புரியுதா?"

தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர, புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டைப் பற்றி அவன் வாயால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முட்டையைச் சாப்பிட்டான், மூக்கைச் சிந்தினான், மறுநாள் காலை ரயிலுக்குப் பையைக் கட்டினான்.

கிளம்புகிற நேரத்தில், "மாடியில அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்" என்று படியேறினான்.

அவரைக் காலி செய்யச் சொல்லத்தான் போகிறான். அவர் போய்விட்டால் பிறகு நான் ஊருக்குப் போகிற அன்று வீட்டைப் பூட்ட வேண்டும். பூட்டிய வீட்டுக்கு நடுவில் ஒரு தடவை தூசி தட்ட வருவார்கள், அடுத்த தடவை யாருக்காவது விலை பேச வருவார்கள். எனக்குத் தெரியாதா? அது மட்டுமில்லை. அவர் போவதையே என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனியாக இருக்கப் பிடிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. ஆனால் மாடியில் ஓர் ஆள் நடக்கிற சத்தத்தோடு தனியாக இருக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒட்டுக் கேட்பது தப்பு. ஆனால் படிக்கட்டு என்னுடையது. கீழ்ப்படியில் போய் நின்றேன்.

முதலில் கேட்டது அவர் குரல்தான். "உட்காருங்க தம்பி. நானே சொல்லணும்னு இருந்தேன். அடுத்த வாரம் காலி பண்ணிடறேன். என்னால அவங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"காலி பண்ணிட்டு எங்க போவீங்க?" என்றான் மகன்.

"பார்க்கணும்."

"பார்க்க வேண்டாம் சார். நீங்க இங்கயே இருங்க. அம்மா கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு வருவாங்க. எங்களுக்குத்தான் உதவி வேணும், அவங்களுக்கு இல்லை. முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடறேன். அவங்க வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. திறந்திருக்கணும்."

அவர் கேட்டார், "கொண்டுவந்து விடறதுக்கு எவ்வளவு நாள் ஆகும் தம்பி?" கேட்ட வேகத்தில் மகன் சிரித்துவிட்டான்.

படியிலேயே உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. துடைக்க வலது கையைத் தூக்கினால் மாவுக்கட்டு மூக்கில் இடிக்கிறது.

மகன் இறங்கி வந்து என்னைப் பார்த்ததும் பதறிப்போனான். "என்னம்மா? கை வலிக்குதா?"

"வலிக்கலைடா. சந்தோஷமா இருக்கு. வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காம பையை எடு, ரயிலை விட்டுடுவே."

அவன் பையை எடுக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அதே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ரயில் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான்.